தள்ளிவைத்த கேள்வி

குருசுக்குப்பத்து அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவர் கொடுத்த புகாரும் விசாரிக்கப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதில் ஓர் ஒப்பந்தம் வருகிறது. அது நல்ல ஒப்பந்தம். பலருக்கு அதனால் நன்மை விளைந்தது. அந்த நன்மையை விவரித்துக்கொண்டே போனால் அக்கா எங்கோ பின்னால் நின்றுவிடுவார். எங்கள் கூட்டங்களில் அப்படித்தான் ஆயிற்று.

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில், மருந்துக் குப்பிகளுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் அவர் பேக்கிங் பிரிவில் இருந்தார். அங்கே பல ஆண்டுகள் ஒரு மேலாளர் ஆட்சி நடத்தினார். ஆட்சி என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். கழிப்பறைக்குப் போகும் பெண் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு எல்லோர் கண்ணெதிரிலும் நடந்து போக வேண்டும். இரண்டு பேர் நின்று பேசினால் அவர்களுக்கு மறுநாள் வேலை இல்லை. சங்கம் என்று வாயெடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமற்போனார்கள். முதலாளிக்கு எல்லாம் தெரியும். மாடியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, மேலாளர் நீட்டிய எல்லாவற்றிலும் அவர்தான் கையெழுத்திட்டார்.

பிறகு, மூடிகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். அட்டையைப் பற்றிக் கேட்டார்கள். முதலாளி ஒரே நாளில் மேலாளரை வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் காலை கீழே இறங்கி வந்து, நானும் இத்தனை நாள் அந்த ஆளிடம் அடங்கித்தான் கிடந்தேன் என்று தொழிலாளர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அட்டை போயிற்று. மேலாளருக்குக் கீழே இருந்த சூப்பர்வைசர்கள் அப்படியே இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் பெண்களைக் கணக்குப் பார்க்க ஸ்டோர் ரூமுக்குத் தனியாகக் கூப்பிடும் வழக்கம் கொண்டவர். அக்கா அதைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்தார். மேலாளர் போய்விட்ட அந்தச் சில வாரங்களில் எல்லோருக்கும் நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்திருந்தது. அந்தக் காற்றில் கொடுத்த புகார் அது. நீல மூடிப் பெட்டியில் வெள்ளை மூடி கலந்துவிட்டது என்று காரணம் காட்டி அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் சங்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சிவப்புக் கொடி இரண்டு. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்தவை. ஒரே பஞ்சு மில் வாசலில் ஒன்றாக நின்று அடி வாங்கியவர்களின் பிள்ளைகள், மில்லும் மூடி, பிள்ளைகளுக்கும் நரை விழுந்த பிறகும் தனித்தனி மேடையில்தான் மே தினம் கொண்டாடுகிறார்கள். நெல்லித்தோப்பில் சைக்கிள் உதிரிபாகக் கடையின் மாடியில் இருப்பது நான் சேர்ந்த சங்கம். அதன் செயலாளரை மில் தோழர் என்போம். இளமையில் மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தவர், மூடிய பிறகு ஆட்டோ ஓட்டியவர். மற்றச் சங்கத்தின் தலைவர் அதே மூடித் தொழிற்சாலையில் மோல்டிங் மெஷின் ஓட்டுபவர்; மேலாளர் இருந்தவரை அங்கே கொடியை வெளியே காட்டாதவர். ஊருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கரும்பு வைத்திருக்கிறார். வெட்டுக் காலத்தில் விடுப்பு கேட்டுக் கேட்டே கரும்புத் தோழர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

மேலாளர் போன பிறகு தொழிற்சாலையில் இரண்டு சங்கங்களும் ஏறக்குறையச் சரிபாதி ஆட்களைச் சேர்த்துவிட்டன. முதலாளி இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசினார். அக்காவை உள்ளே எடுத்து சூப்பர்வைசரை வெளியே அனுப்பினால்தான் பேச உட்காருவோம் என்றார் கரும்புத் தோழர். முதலில் சங்க அங்கீகாரம், சம்பளம், நிரந்தரம். மற்றதெல்லாம் பிறகு என்றார் மில் தோழர். முதலாளிக்கு இதைவிட வசதியான பருவம் வாய்த்திருக்காது.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இத்தாலி வந்தது.

நான் வரலாற்றில் முதுகலை படித்தவள். பிழைப்புக்குப் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் வகுப்பெடுப்பேன். இரண்டாம் உலகப் போரைச் சொல்லுங்கள் என்று அவர்களே கேட்டிருந்தார்கள். முந்தின வாரம், அந்தப் போரில் பிரான்சு இரண்டாகப் பிளந்தபோது அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊர் எந்தப் பிரான்சின் பக்கம் என்று எழுந்த சச்சரவைப் பேசினோம். அடுத்தது இத்தாலி. வரிசைப்படி வந்ததே தவிர, நான் தேர்ந்தெடுக்கவில்லை. தகராறு நடக்கும் வேளை என்பதால் கரும்புத் தோழரும் நான்கைந்து பேரோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாற்றுச் சங்கத்தார் அந்தப் படியேறியது பல ஆண்டுகளில் அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். அன்று அக்கா வரவில்லை. குப்பத்தில் ஒரு சாவு.

இத்தாலியில் இருபது ஆண்டுக்கு மேல் சர்வாதிகாரியை வைத்திருந்த அரசர், போர் தோற்கும் என்று தெரிந்தபோது அவரை நீக்கினார் என்று சொன்னேன். அரசரும் அவருடைய தளபதியும் நேச நாடுகளோடு ரகசியமாகப் பேசிப் போர்நிறுத்தம் செய்துகொண்டார்கள். அது வானொலியில் வந்த இரவு, முகாம்களில் இருந்த சிப்பாய்கள் போர் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று பாடினார்கள். இனி யாரைச் சுட வேண்டும், யாருக்குப் பணிய வேண்டும் என்று தெளிவான உத்தரவு கொடுக்காமலே அரசர் தலைநகரை விட்டுத் தெற்கே ஓடிவிட்டார். அதுவரை கூட்டாளிகளாக இருந்த ஜெர்மானியர் அந்தச் சிப்பாய்களை லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான் முடிக்கவில்லை, பேக்கிங் பிரிவுப் பையன் ஒருவன் சொல்லிவிட்டான்.

"அப்ப நம்ம மொதலாளிதான் அந்த ராஜா."

அறை முழுக்கச் சிரிப்பு. வெளிநாட்டு ஆய்வாளர்கள்தாம் நேச நாடுகள் என்றார் இன்னொருவர். மேலாளர் யார் என்று யாரும் சொல்லவே தேவைப்படவில்லை. கரும்புத் தோழர் மட்டும் சிரிக்காமல், ராஜாவை அந்த நாட்டு இடதுசாரிகள் என்ன செய்தார்கள் என்று கேட்டார்.

முதலில் அவரோடு உட்கார மறுத்தார்கள் என்றேன். தெற்கில் அரசரின் அரசாங்கம், வடக்கில் ஜெர்மானியர் மீட்டு வந்து தாங்கிப் பிடித்த சர்வாதிகாரியின் அரசாங்கம், நடுவில் ஆறு கட்சிகள். அரசரை ஏற்பதா மறுப்பதா என்பதிலேயே அவை மாதக்கணக்கில் நின்றன. அப்போது வெளிநாட்டில் அடைக்கலமாக இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு கம்யூனிஸ்ட் தலைவர், அரசர் பற்றிய கேள்வியைப் போர் முடியும்வரை ஒத்திவைப்போம், முதலில் எல்லோரும் சேர்ந்து பாசிசத்தை முடிப்போம் என்று தன் கட்சியைத் திருப்பினார். கட்சிகள் அரசரின் அமைச்சரவையில் சேர்ந்தன. போர் முடிந்த பிறகு மக்கள் வாக்களித்து அரசர் குடும்பத்தையே நாட்டை விட்டு அனுப்பினார்கள்.

"ஒத்திவைப்புன்னா கோர்ட் பாஷையா இருக்குதும்மா" என்றார் மில் தோழர். "தள்ளி வச்சாங்கன்னு சொல்லு. எல்லாருக்கும் புரியும்."

தள்ளி வைத்தார்கள் என்று சொன்னேன். புரிந்தது.

"ராஜாவோட ஒக்காந்து டீ குடிக்கறதுக்கா கட்சி வச்சாங்க?" என்றார் கரும்புத் தோழர்.

"டீயையும் குடிச்சாங்க, ஆளையும் அனுப்பிச்சாங்க இல்ல? நீ குடிக்காமயே எத்தினி வருஷமா நிக்கிற?"

மில் தோழரின் அந்தப் பதிலுக்கும் சிரித்தார்கள். இந்தத் தடவை கரும்புத் தோழரும் சிரித்தார். அரசர் போன பிறகும் அவர் காலத்து நீதிபதிகளும் போலீஸ் அதிகாரிகளும் பெரும்பாலும் அதே நாற்காலிகளில் இருந்தார்கள் என்பதையும் வகுப்பின் முடிவில் சொன்னேன். ஆனால் அதற்குள் அறையில் பேச்சு கிளம்பிவிட்டது. அரசரை அனுப்பிய கதைதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான் பிடித்திருந்தது.

அந்த வாரமே இரு தோழர்களும் பேசத் தொடங்கினார்கள். பேச்சு நடந்த இடம் இரண்டு சங்க அறைகளும் இல்லை. ஒருவர் இடத்துக்கு மற்றவர் போனால் அது பணிந்ததாக ஆகிவிடும் என்பதால், தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு டீக்கடையின் பின்புறம் அமர்ந்தார்கள். கூட்டறிக்கையை எழுதித் தரும் பொறுப்பு எனக்கு. அங்கீகாரம், சம்பளம், காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குதல் மூன்றிலும் அவர்கள் ஒத்துப்போன வேகம் எனக்கு வியப்பாக இருந்தது. பல ஆண்டுப் பகை என்று நாம் நினைப்பது சில சமயம் வெறும் பழக்கமாகத்தான் இருக்கிறது. அக்காவின் புகாரில் மட்டும் பேச்சு நின்றது. அதை வைத்தால் முதலாளி எழுந்து போய்விடுவார் என்று மில் தோழர் உறுதியாக நம்பினார். ஏனென்றால் அந்த சூப்பர்வைசர் முதலாளியின் மனைவி வழியில் உறவு. கடைசியில் கரும்புத் தோழர் இறங்கி வந்தார். கையெழுத்தான மறுவாரமே இரண்டு சங்கமும் சேர்ந்து அதை எழுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இறங்கினார். அதை அறிக்கையில் "பின்னர் பேசப்படும்" என்று எழுதினேன்.

"அக்காவ ஒரு வார்த்த கேக்க வேணாமா?" என்று கரும்புத் தோழர்தான் கேட்டார்.

"கேட்டா அழும்பா. முடிச்சிட்டு நல்ல சேதியா போய்ச் சொல்லுவோம்" என்றார் மில் தோழர்.

அதில் அன்பு இருந்தது. அதனால்தான் அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் கோபத்தோடு நினைக்க முடியவில்லை. அக்காவின் சங்க உறுப்பினர் அட்டை மில் தோழர் கையாலேயே கொடுத்தது. சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து அவர் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டவரும் அவர்தான்.

நல்ல சேதி போவதற்குள் வேறு சேதி போய்விட்டது. டீக்கடையில் முடிவானது அன்று மாலையே தொழிற்சாலைக்குள் தெரிந்தது. அக்கா மேட்டர தள்ளி வச்சிருக்காங்க என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். வாய் மாறி வரும்போது மேட்டர் உதிர்ந்துவிட்டது. குப்பத்துக் குழாயடியில், அங்கிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் அக்காவிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாள்: "ரெண்டு சங்கமும் சேந்து ஒன்ன தள்ளி வச்சிட்டாங்களாம்க்கா."

குருசுக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களை அறியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அங்கே ஒரு குடும்பத்தைத் தள்ளிவைப்பது என்றால் ஊர்ப் பஞ்சாயத்து கூடி எடுக்கும் முடிவு. அந்த வீட்டாரோடு யாரும் பேசக் கூடாது. படகில் ஏற்றக் கூடாது; கடையில் சாமான் கொடுக்கக் கூடாது; சாவுக்குக்கூடப் போகக் கூடாது. அக்கா சிறுமியாக இருந்தபோது, ஒரு வலைத் தகராறில் அவருடைய அப்பாவின் குடும்பத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி பையை எடுத்துக்கொண்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனதை எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். தண்டம் கட்டி, ஊரார் காலில் விழுந்து, அவர் அப்பா வீட்டை மீட்டாராம். தள்ளிவைக்கப்பட்டவர் தப்பு செய்தவர். இல்லாவிட்டால் ஊர் ஏன் தள்ளிவைக்கும்? இதுதான் அந்தச் சொல்லோடு கூடவே வரும் பொருள்.

நெல்லித்தோப்பு மில் வீடுகளிலும் மேற்கத்திக் கரும்புக் கொல்லைகளிலும் அதே சொல் கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைப்பதற்குத்தான் பயன்படுகிறது. ஒரே ஊருக்குள், ஒரே தமிழில், ஒரு சொல்லின் இரண்டு கரைகளில் நாங்கள் நின்றிருந்தோம். யாருக்கும் தெரியவில்லை.

அக்கா போன் எடுக்கவில்லை. கைச்செலவுக்கு மில் தோழர் கொடுத்தனுப்பியதை வாங்கவில்லை. கோபம், ஒப்பந்தம் முடிந்ததும் தணிந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். முதலாளியும் கையெழுத்திட, ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு கொடிகளையும் ஒரே வாசலில் கட்டினார்கள். மில் தோழரும் கரும்புத் தோழரும் ஒருவருக்கொருவர் லட்டு ஊட்டிவிட்டதை எல்லோரும் படம் பிடித்தார்கள். காண்ட்ராக்டில் இருந்த பலர் அன்று நிரந்தரமானார்கள். அவர்களில் ஒருவர் மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டதை நான் மறைக்க விரும்பவில்லை.

மறுவாரம் சொன்னபடி இரண்டு சங்கமும் சேர்ந்து புகாரை எழுப்பின. தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரசப் பேச்சு. நிர்வாகத்தின் ஆள் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். அக்கா ராஜினாமா செய்திருந்தார்; புகாரையும் திரும்பப் பெற்றிருந்தார். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள்ளேயே கம்பெனி ஆள் குப்பத்துக்குப் போய் வந்துவிட்டது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. புகார் கொடுத்தவரே இல்லை, எதைப் பேசுவது என்று கேட்ட அதிகாரியை யாராலும் மறுக்க முடியவில்லை. வெளியே வந்து கரும்புத் தோழர் வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். மில் தோழரோடு அவர் மறுபடி பேசாமல் போய்விடுவாரோ என்று அஞ்சினேன். பேசினார். ஆனால் இருவரும் அதன் பிறகு அக்காவைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை. ஒற்றுமை குலையாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு வழியாகிவிட்டது.

குழாயடியில் சொல்லப்பட்டது என் காதுக்கும் வந்து, குப்பத்துக்கு நான் போனது அதற்கடுத்த வாரம். அக்கா கிளம்பிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரத் தெருவில் ஒரு விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்புகள் மாற்றும் வேலை, புதிதாகச் சேர்ந்திருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் சொல்லை விளக்கினேன். உங்களைத் தள்ளிவைக்கவில்லை, உங்கள் கேள்வியைத்தான் தள்ளிவைத்தார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைப்பதுபோல, கொஞ்ச நாளைக்கு. ஒரே வாரத்தில் எடுப்பதாக இருந்தது என்றேன். இத்தாலியையும் சொன்னேன். படித்தவர்களின் விளக்கம் எப்போதும் நீளம்.

தலை பின்னிக்கொண்டே கேட்டவர், பின்னி முடித்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு சொன்னப்ப நான் தப்பாதான் புரிஞ்சிக்கினேன் பாப்பா. அது நெசம். எங்கப்பா கால்ல வுழுந்ததுதான் கண்ணுல வந்துச்சி. கம்பெனி ஆளு வந்தப்ப, சங்கமே வேணாம்னுட்டுது, நீ எதுக்கும்மா அலையறன்னான். கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன்."

சீப்பை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இப்ப நீ சொல்றது புரியுது. ஆனா ஒண்ணு சொல்லு. கேள்விய தள்ளி வச்சாங்கன்ற. அந்தக் கேள்விக்குள்ள இருந்தது நான்தான? என்ன வெளிய எடுத்துட்டா வச்சீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. பலருக்கு விளைந்த நன்மைகளின் பதில். அதை அவரிடம் சொல்லவில்லை. எதற்கு எது விலை என்று எடைபோட்டுப் பார்ப்பது என் சுபாவம். யார் மேல் எவ்வளவு தவறு என்று பங்கிட்டுப் பார்ப்பதும்தான். இதை எத்தனை முறை பங்கிட்டாலும் எல்லோர் பங்கும் சிறியதாகவே வருகிறது. அக்கா இழந்தது மட்டும் முழுதாக அப்படியே இருக்கிறது. அரசரோடு அமர்ந்தவர்கள் தவறு செய்தார்கள் என்று என்னால் இன்றும் வகுப்பில் சொல்ல முடியாது. அமராமல் இருந்திருந்தால் போர் இன்னும் நீண்டிருக்கலாம், எங்கள் முதலாளி இன்னும் இரண்டு சங்கத்தையும் தனித்தனியே கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் காத்திருக்கச் சொல்லப்பட்டவரிடம் காத்திருக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கலாம். அவர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பது எனக்குத் தெரியவில்லை. அவர் மறுத்துவிடக்கூடும் என்பதால்தான் கேட்கவில்லையோ என்றும் தோன்றுகிறது.

தெருமுனைவரை கூடப் போனேன். வேலை புதிது, நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார். திரும்பும் இடத்தில் நின்று, பேக்கிங்கில் தன் இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கல்யாணமாகாத ஒரு பெண், புதிதாக வந்திருக்கிறாள் என்றேன். அந்த ஆள் அங்கேயேதான் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. ஸ்டோர் ரூமுக்குக் கூப்ட்டா தனியா போவ வேணாம், யாரயாவது கூட்டிக்கினு போவச் சொல்லு."

மறுநாள் அலுவலகத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, காலை ஷிஃப்டுக்கு முன் தொழிற்சாலை கேட்டில் நின்றேன். மேலே இரண்டு கொடிகளும் பறந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் டிபன் பையோடு வந்தாள். ஓரமாகக் கூப்பிட்டு, என்னை யாரென்று சொல்லி, அக்கா சொன்னதைச் சொன்னேன். எந்த ஆள் என்று பெயர் சொல்ல நான் தயங்கினேன்.

"தெரியும்க்கா" என்றாள். "சேந்த அன்னிக்கே உள்ள இருக்கறவங்க சொல்லிட்டாங்க."

சங்கு ஊதியது. அவள் உள்ளே போனாள்.